சால்வின் கைபட்ட கோட்டையில் பழைய கல்லையும் புதிய கல்லையும் பிரித்தறிவது எப்படி?

இங்கிலாந்தின் கோட்டைகளைப் பார்க்கச் செல்பவர்கள் அண்ணாந்து வியக்கும் கோபுரங்களில் பல, வில்லாளிகளும் குதிரைப் படையும் இருந்த காலத்தில் எழுந்தவை அல்ல. ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, விக்டோரியா அரசியின் ஆட்சியில் கட்டப்பட்டவை அல்லது மேற்கல் மாற்றப்பட்டவை. அவற்றில் பெரும் பங்கு ஒரே மனிதரின் வரைபலகையிலிருந்து வந்தது. 1799-இல் டர்ஹாம் மாவட்டத்தில் பிறந்து 1881-இல் மறைந்த கட்டடக் கலைஞர் ஆன்டனி சால்வின், லண்டன் டவர், விண்ட்சர், ஆல்னிக், நாரிச், டன்ஸ்டர், மன்காஸ்டர் என்று நாட்டின் முதன்மையான கோட்டைகள் பலவற்றில் வேலை செய்தவர். 1863-இல் பிரிட்டிஷ் அரச கட்டடக் கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கத்தைப் பெற்றவர். இடைக்காலக் கட்டுமானத்தை அவர் அளவுக்கு ஊன்றிப் படித்தவர்கள் அவருடைய தலைமுறையில் குறைவு. ஆகவேதான் அவருடைய கல்லைப் பழைய கல்லிலிருந்து பிரித்துக் காண்பது கடினமாகவும், முயன்று பார்க்கத் தகுந்ததாகவும் இருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். புதிய கல்லைக் கண்டுபிடித்து "இது போலி" என்று தள்ளிவிடுவது இந்தப் பயிற்சியின் நோக்கமன்று. ஒவ்வொரு சுவரின் முன்னும் நின்று, இந்தக் கல் யாருடைய தேவைக்காக இங்கே வைக்கப்பட்டது என்று கேட்பதே நோக்கம். முற்றுகையைத் தாங்க வைக்கப்பட்ட கல்லும், விருந்தினருக்கு வெந்நீர் கொண்டுபோக வைக்கப்பட்ட கல்லும் ஒரே நிறத்தில் இருந்தாலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

போகுமுன் அந்தக் கோட்டையின் பழைய படங்களைத் தேடிப் பார்த்துவிடுங்கள். இதை விட்டுவிட்டால் மற்ற எல்லா உத்திகளும் பாதிப் பயனே தரும். 18-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சாமுவேல் பக், நதானியல் பக் என்ற சகோதரர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஊர் ஊராகச் சென்று, இடிந்த கோட்டைகளையும் மடங்களையும் வரைந்து செப்புத்தகட்டு அச்சுகளாக வெளியிட்டார்கள். அவர்களுடைய கோடுகள் சற்று விறைப்பானவை. தூர அளவுகளில் கொஞ்சம் முன்பின் இருக்கும். ஆனால் எந்தக் கோபுரம் கூரையின்றி நின்றது, எந்த மதில் பாதியில் சரிந்திருந்தது என்பதை அறிய அவையே சிறந்த சாட்சி. ஓவியர் டர்னர் 1829 வாக்கில் தீட்டிய ஆல்னிக் கோட்டையின் நிலவொளி நீர்வண்ண ஓவியம் இன்னொரு சான்று; சால்வின் அங்கே வேலையைத் தொடங்குவதற்குக் கால் நூற்றாண்டுக்கு முந்தைய வடிவம் அதில் இருக்கிறது. சால்வினின் வரைபடங்கள் பல மேற்சொன்ன கழகத்தின் தொகுப்பில் பாதுகாக்கப்படுகின்றன. பழைய அச்சுப் படத்தையும் இன்றைய புகைப்படத்தையும் அருகருகே வைத்து, கட்டடம் வானத்தை ஒட்டும் விளிம்பின் கோட்டினை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். முன்பு இல்லாத உயரம் இப்போது எங்கே தெரிகிறதோ அங்கேயே உங்கள் சோதனையைத் தொடங்கலாம்.

அங்கே போய்ச் சேரும் நேரமும் முக்கியம். உச்சிவெயிலில் கல்லின் முகம் தட்டையாகத் தெரியும். காலையிலோ மாலையிலோ வெயில் சுவரை ஒட்டிச் சாய்ந்து விழும்போதுதான் உளியின் தடங்கள் நிழல் கட்டி எழுந்து நிற்கும். மேகமூட்டமான நாளாக இருந்தால், உள்ளே இருட்டான படிக்கட்டுகளில் ஒரு சிறு கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தாலும் அதே பலன் கிடைக்கும். உயரத்தில் இருப்பவற்றுக்கு ஓர் இருகண் நோக்கி போதும்.

சுவரை எப்போதும் அடியிலிருந்து மேலாகப் படியுங்கள். இடிபடுவதும் திருடப்படுவதும் பெரும்பாலும் மேல்பகுதிக் கற்களே. திரும்பக் கட்டியவர்களும் நிற்கும் அடித்தளத்தின் மீதே கட்டினார்கள். ஆகவே தரையோடு சரிந்து அகன்றிருக்கும் அடிச்சுவர் பழையதாகவும், அதற்கு மேலே ஏதோ ஓர் உயரத்தில் கல்லின் அளவோ நிறமோ வரிசையின் ஒழுங்கோ சட்டென மாறுவதாகவும் இருந்தால், அந்த மாற்றக் கோடு எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பின்தொடருங்கள். அது கிடைமட்டமாக ஓடினால் சுவர் உயர்த்தப்பட்டிருக்கிறது. செங்குத்தாக இறங்கினால், அதாவது இருபக்கக் கற்களும் ஒன்றுக்குள் ஒன்று கோக்காமல் வெறுமனே முட்டிக்கொண்டு நின்றால், அங்கே ஒரு கட்டடத்தோடு வேறொரு கட்டடம் பின்னால் வந்து சேர்ந்திருக்கிறது. முதலில் கட்டியவர்கள் சாரம் கட்டுவதற்காக விட்ட சதுரத் துளைகள் பல கோட்டைகளில் இன்றும் சீரான இடைவெளியில் தென்படும்; அந்த வரிசை திடீரென அறுந்து போகும் இடத்திலும் ஒரு கணம் நிற்கலாம்.

அடுத்தது உளித்தடம். நார்மன் காலக் (11, 12-ஆம் நூற்றாண்டுக்) கல்தச்சர்கள் பெரும்பாலும் கோடரி போன்ற கருவியால் கல்லின் முகத்தைக் கொத்திச் சமப்படுத்தினார்கள். அதனால் கல்லின் குறுக்கே சாய்வாக, ஒன்றுக்கொன்று முழுக்க இணையாகாத, ஆழம் கூடியும் குறைந்தும் வரும் கோடுகள் இருக்கும். அருகே முகத்தை வைத்துப் பார்த்தால், ஒரே மனிதனின் கை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை போய், நடுவில் சற்றே சலித்து மறுபடி வேகம் பிடித்ததுகூடத் தெரியும். பின்வந்த நூற்றாண்டுகளில் அகல உளி வந்த பிறகு கோடுகள் நிமிர்ந்து நேராகின. விக்டோரியா காலத்துக் கல்லிலோ கோடுகள் நெருக்கமாக, சம ஆழத்தில், அளவுகோல் வைத்ததுபோல் ஓடும். கல்லின் விளிம்பு கூர்மை குலையாமல் இருக்கும். ஆனால் இந்தச் சோதனையை வெளிச்சுவரில் மட்டும் செய்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அறுநூறு ஆண்டு மழையும் உறைபனியும் வெளிமுகத்தின் தடங்களைத் தின்றுவிட்டிருக்கும். சன்னலின் உட்பக்கச் சாய்வுகள், சுருள் படிக்கட்டின் நடுத்தூண், கதவு நிலையின் உள்மூலை ஆகியவற்றிலேயே அவை பிழைத்திருக்கும். சாந்தும் உதவும், ஆனால் அளவோடுதான். அகன்ற சுண்ணாம்புச் சாந்து இணைப்புகள் பழமையின் அடையாளம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இடைக்காலத்தின் பிற்பகுதியிலேயே மெல்லிய இணைப்புகள் வைத்து மிக நேர்த்தியாகக் கட்டியிருக்கிறார்கள். சாம்பல் நிறத்தில் கெட்டியாகத் துருத்தி நிற்கும் சிமென்ட் பூச்சு மட்டும் சந்தேகத்துக்கு இடமின்றிப் பிற்காலத்தது. அதைச் சுற்றியுள்ள கல் பொடிந்திருப்பதையும் கவனியுங்கள், ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லுக்குள்ளேயே தங்கிவிடுவதன் விளைவு அது.

இனி அம்புத்துளைகளுக்கு வருவோம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாத் துளைகளும் ஒன்றுபோலவே இருக்கும். சோதனையை உள்ளே போய்த்தான் செய்ய வேண்டும். உண்மையான அம்புத்துளையின் பின்னால் ஒரு வில்லாளி நின்று தோளைத் திருப்புவதற்கு வேண்டிய மாடம் இருக்கும். சுவரின் கனம் முழுவதும் உள்நோக்கி விரிந்திருக்கும். துளையின் அடிவிளிம்பு பல இடங்களில் கீழே சரியும், ஏனெனில் அகழியோரம் வந்துவிட்டவனைக் குறிவைக்க வேண்டும். அந்த மாடத்தில் நீங்களே நின்று பாருங்கள். வாயிலோ பாலமோ மதிலின் அடிவாரமோ கண்ணில் படுகிறதா? எதுவும் படாமல் எதிரிலுள்ள கூரை மட்டுமே தெரிந்தால், அல்லது அந்தத் துளை உடை மாற்றும் அறைக்கும் பணியாளர் படிக்கட்டுக்கும் காற்று விடுவதற்காகவே இருந்தால், அது போருக்கு வைத்த துளையன்று. மதிலின் உச்சியில் முன்தள்ளி நிற்கும் தாங்கு கற்களின் வரிசையையும் இதேபோல் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும்: கற்களுக்கு இடையே வானம் தெரியும்படி திறப்பு இருந்தால் அதன் வழியே கல்லும் எரிபொருளும் கொட்ட முடிந்திருக்கும், அடைத்திருந்தால் அது அலங்காரமாகவே இருக்க வாய்ப்பு அதிகம். வாயிலின் இருபுறமும் மேலிருந்து இறங்கும் இரும்புத் தட்டிக்கதவுக்கான காடிகள் வெட்டப்பட்டிருக்கின்றனவா, அந்தக் கதவை இழுத்து மேலே நிறுத்தி வைக்க மேல்மாடியில் இடம் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இவ்வளவும் கல்லைப் பற்றியது. சால்வினைப் பொறுத்தவரை இதைவிட உறுதியான தடயம் வசதிகளே என்பது என் கருத்து. அவருக்குப் பணம் கொடுத்தவர்கள் பெருநிலக்கிழார்கள். அவர்களுக்கு வெளியே முன்னோர்களின் வீரமும், உள்ளே நிலக்கரி அடுப்பும் பில்லியர்ட்ஸ் மேசையும் வேண்டும். சாமர்செட்டிலுள்ள டன்ஸ்டர் கோட்டையில் 1868 முதல் 1872 வரை லட்ரல் குடும்பத்துக்காக அவர் செய்த வேலை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வீட்டின் ஒருபக்கம் பெரிய சதுரக் கோபுரமும் மறுபக்கம் சிறிய கோபுரமும் எழுப்பி, முன்பு ஓரளவு சமச்சீராக இருந்த தோற்றத்தை வேண்டுமென்றே குலைத்தார். சன்னல்களை வெவ்வேறு காலப் பாணிகளில் அமைத்து, பல தலைமுறைகள் கை வைத்து மெல்ல வளர்ந்த வீடு என்ற எண்ணத்தை உண்டாக்கினார். ஆனால் எரிவாயு விளக்கும், பணியாளர்கள் விருந்தினர் கண்ணில் படாமல் நடமாடும் வழிகளும், நிலத்தடி நீர்த்தொட்டியும் வேறு கதை சொல்கின்றன. மதிலுச்சியில் பல்வரிசைபோல் நிற்கும் ஞாயில்களுக்கு நடுவே ஒளிந்து நிற்கும் புகைபோக்கிகளை எண்ணிப் பாருங்கள். பெரிய ஒற்றைக் கண்ணாடி போட்ட சன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். அது பெரும்பாலும் எதிரி வரும் பக்கமன்றித் தோட்டம் இருக்கும் பக்கமாகவே இருக்கும். அதே டன்ஸ்டரின் வாயில் கட்டடம் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது, அதை ஒட்டிய பழைய நுழைவாயில் 13-ஆம் நூற்றாண்டினது. ஏறிப்போகும் பாதையிலேயே பழையதும் புதியதும் அடுத்தடுத்து வருவதால், கண்ணைப் பழக்கிக்கொள்ள ஏற்ற இடம் அது.

கண் பழகிய பிறகு நார்தம்பர்லாந்தின் ஆல்னிக்குக்குப் போகலாம். நான்காம் டியூக் ஆல்ஜெர்னன் பெர்சிக்காக 1854 முதல் 1865 வரை அங்கே நடந்த வேலைக்கு ஏறக்குறைய இரண்டரை லட்சம் பவுண்டு செலவானதாகச் சொல்கிறார்கள். உள்முற்றத்துக்குள் நுழையும் வழியில் எண்கோண வடிவில் நிற்கும் இரட்டைக் கோபுரங்கள் 14-ஆம் நூற்றாண்டுக்கு உரியவை. அவற்றின் நெற்றியில் குலச்சின்னக் கேடயங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வாயிலைத் தாண்டினால் வரிவரியாக வளைகோணக் கோலம் வெட்டிய நார்மன் வளைவு ஒன்றும், சுவருக்குள்ளேயே அமைந்த மூன்று வளைவுகள் கொண்ட பழைய கிணறும் வரும். அந்தக் கிணற்றின் முன் நின்று தலையை உயர்த்துங்கள்: மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி நிற்கும் ப்ரூடோ கோபுரம் முழுக்க சால்வினுடையது. அதன் சன்னல்களின் அகலமே அது காவலுக்கு எழுந்ததன்று என்று காட்டிக்கொடுத்துவிடும்; உள்ளே இருப்பது நூலகம். அரசவை அறைகளுக்குள் போனால் இன்னொரு வியப்பு காத்திருக்கிறது. வெளியே இடைக்காலம், உள்ளே ரோம் நகரத்து மறுமலர்ச்சிக் கால அரண்மனை. இத்தாலியிலிருந்து கலைஞர்களை வரவழைத்து உட்புறத்தை அலங்கரிக்கச் செய்தது டியூக்கின் விருப்பம். இதற்காக 18-ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடம் அமைத்திருந்த உட்புறங்களில் பெரும்பகுதி அகற்றப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. சீரமைப்பு என்ற பெயரில் நீங்கிப்போவது எப்போதும் சிதிலம் மட்டுமல்ல, நேற்றுவரை பிடித்திருந்த ரசனையும்தான்.

சில இடங்களில் மேற்சொன்ன சோதனைகள் கைகொடுக்கா. நாரிச் கோட்டையின் நார்மன் நடுக்கோபுரம் அவற்றில் முதலாவது. 1830-களின் பிற்பாதியில் அதன் சிதைந்த வெளிமுகம் முழுவதும் அகற்றப்பட்டு, பாத் நகரப் பகுதிச் சுண்ணாம்புக்கல்லால் புதிதாக மூடப்பட்டது. சுவரின் மேல் ஓடும் குருட்டு (திறப்பில்லாத) வளைவு வரிசைகளைப் பழைய அமைப்பை ஒட்டியே சால்வின் திரும்பச் செதுக்கச் செய்தார். ஆக, வடிவம் 12-ஆம் நூற்றாண்டினது, கல் 19-ஆம் நூற்றாண்டினது, உள்ளிருக்கும் சுவரின் உடல் மீண்டும் 12-ஆம் நூற்றாண்டினது. இங்கே தொலைவிலிருந்து பார்ப்பவர் ஏமாறுவதில்லை, ஏனெனில் வடிவம் ஏறக்குறைய உண்மையானது. கிட்டே போய்த் தடவிப் பார்த்து நெகிழ்பவர்தான் ஏமாறுகிறார். பழைய முகத்தில் எஞ்சியிருந்த உளித்தடங்களும் பழுதுகளும் இதனால் ஒரேயடியாகப் போய்விட்டன என்பது உண்மையான இழப்பு.

லண்டன் டவரிலும் இதே எச்சரிக்கை தேவை. 1850-களின் தொடக்கத்தில் பியூசாம்ப் கோபுரத்தில் தொடங்கி, சால்ட் கோபுரம், புனித தாமஸ் கோபுரம், வேக்ஃபீல்டு கோபுரம் என்று சால்வின் அங்கே தொடர்ந்து வேலை செய்தார். புனித தாமஸ் கோபுரத்தையும் வேக்ஃபீல்டு கோபுரத்தையும் இணைக்கும் பாலமும் அவருடைய மறு அமைப்பே. ஆனால் அங்கே மாறியிருக்கும் எல்லாவற்றையும் அவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வெள்ளைக் கோபுரத்தின் நார்மன் சன்னல்கள் பெரும்பாலும் விக்டோரியாவுக்கு முன்பே அகலமாக்கப்பட்டுவிட்டன. லான்டர்ன் கோபுரமோ 18-ஆம் நூற்றாண்டில் தீக்கிரையாகி இடிக்கப்பட்டு, சால்வினுக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் டெய்லரால் 1880-களில் புதிதாக எழுப்பப்பட்டது. ஒரே வளாகத்தில் இருவர் வேலையையும் அடுத்தடுத்துப் பார்த்தால், இருப்பதைத் தழுவிச் செல்பவருக்கும் இருக்க வேண்டும் என்று நினைத்ததை எழுப்புபவருக்கும் உள்ள வேறுபாடு புரியும்.

விண்ட்சரில் சால்வினே அந்த எல்லையைத் தாண்டினார். தேம்ஸ் தெருப் பக்கம் பார்த்து நிற்கும் கர்ஃப்யூ கோபுரம் 13-ஆம் நூற்றாண்டினது. அதன் அடியிலுள்ள வளைவுக்கூரை அறை இன்றும் அப்படியே இருக்கிறது. 1863-இல் அதன் வெளிமுகத்தைப் புதுப்பித்து, மேலே செங்குத்தான கூம்புக் கூரை ஒன்றைக் கவிழ்த்தார். அது பிரான்சில் கட்டடக் கலைஞர் வியோலே லெ தூக் கார்க்கசோன் நகர மதில்களுக்கு வைத்துக்கொண்டிருந்த கூரைகளின் சாயல். அழகானதுதான், இங்கிலாந்தின் வானத்தில் அது ஒட்டவில்லை என்பது என் எண்ணம்.

முழுக்கப் புதிதாகக் கட்டிய கோட்டையைப் பார்க்க வேண்டுமானால் செஷயருக்குப் போக வேண்டும். 1844-க்குப் பிறகு ஜான் டாலமாஷ் என்ற நாடாளுமன்ற உறுப்பினருக்காக, அருகில் வெட்டிய செந்நிற மணற்கல்லால் சால்வின் கட்டிய பெக்ஃபர்டன் கோட்டை ஒரு குன்றின் மேல் இருக்கிறது. எதிர்க்குன்றில் 1220-களில் தொடங்கிய பீஸ்டன் கோட்டையின் இடிபாடு இருக்கிறது. முதலில் பீஸ்டனுக்கு ஏறி, அங்கிருந்து பெக்ஃபர்டனைப் பாருங்கள். பின்னர் பெக்ஃபர்டனுக்குப் போய் பீஸ்டனைத் திரும்பிப் பாருங்கள். அகழி, வாயில் கோபுரம், வட்டக் கோபுரம், குறுகிய வெளிச்சன்னல்கள் என்று எதையும் சால்வின் விட்டுவைக்கவில்லை. சமகாலக் கட்டடக் கலைஞரான ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் இதன் படிப்பறிவையும் செய்நேர்த்தியையும் ஒப்புக்கொண்டே, வாழும் வீட்டைக் கோட்டையாக வேடம் கட்டுவதன் உச்சம் இது என்று சாடினார். எனக்கோ சால்வினின் வேலைகளில் இதுவே மிக நேர்மையானதாகப் படுகிறது, ஏனெனில் இங்கே அவர் எந்தப் பழைய கல்லின் மேலும் ஏறி நிற்கவில்லை.

இத்தனை சோதனைகளையும் கவிழ்த்துவிடும் ஒரு கோட்டையையும் சொல்லிவிட வேண்டும். கார்டிஃபுக்கு வடக்கே டாங்வின்லைஸ் கிராமத்துக்கு மேலே இருக்கும் காஸ்டெல் கோக், சால்வினுடையதன்று. வில்லியம் பர்ஜஸ் என்ற கட்டடக் கலைஞருடையது. 13-ஆம் நூற்றாண்டில் கில்பர்ட் டி கிளேர் கட்டி, பின்பு இடிந்து மண் மூடிக் கிடந்ததை, மூன்றாம் ப்யூட் மார்க்வெஸ் 1871-இல் சுத்தம் செய்யவைத்தார். அப்படியே இடிபாடாகப் பேணுவதா, எழுப்புவதா என்று இரு வழிகளை பர்ஜஸ் எழுதிக் கொடுக்க, மார்க்வெஸ் எழுப்பச் சொன்னார். 1875 முதல் 1879 வரை கட்டிய வெளிக்கட்டடத்தில் தூக்குப்பாலமும் இறங்கும் தட்டிக்கதவும் உண்மையாகவே இயங்கும்படி செய்யப்பட்டவை. ஆகவே இயங்குகிறது, ஆதலால் பழையது என்று வாதிட முடியாது. கூம்புக் கூரைகளுக்கு அவர் ஆதாரம் காட்டியது பழைய சுவடி ஓவியங்களை. அங்கே நம்பத்தக்கது அடியிலிருந்து படிக்கும் முறை மட்டுமே: கோபுரங்களின் பருத்த அடிப்பகுதியில் எஞ்சிய பழைய சுவரின் மேல் புதிய சுவர் எங்கே அமர்கிறது என்று சுற்றிவந்து தேடிப் பாருங்கள். 1881-இல் பர்ஜஸ் இறந்ததால் உட்புற அலங்காரம் 1891 வரை அவருடைய உதவியாளர்கள் கையில் முடிந்தது.

அதே ப்யூட் மார்க்வெஸ் கார்டிஃப் நகரக் கோட்டையில் வேறொரு வழியைக் கையாண்டார். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோண்டியெடுத்த ரோமானிய மதிலின் மேல் புதிய மதில் எழுப்பப்பட்டபோது, பழைய பகுதியைச் சுற்றிச் செந்நிறக் கல் வரிசை ஒன்று பதிக்கப்பட்டது. கோட்டுக்குக் கீழே ரோமர்கள் கட்டியது, மேலே மார்க்வெஸ் கட்டியது. உங்கள் கண் சரியாகப் பழகியிருக்கிறதா என்று சரிபார்க்க, அந்தச் செந்நிற வரிசையை முதலில் கவனிக்காமல் உளித்தடத்தையும் இணைப்பையும் வைத்து ஊகித்துவிட்டு, பிறகு கோட்டோடு ஒப்பிடலாம்.

செல்லும் நாளைத் தேர்ந்தெடுக்கும்போது, ஆல்னிக் குளிர்காலத்தில் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும் என்பதையும், பெக்ஃபர்டன் இப்போது தங்கும் விடுதியாக நடப்பதால் திருமண நாட்களில் உள்ளே சுற்றிப் பார்க்க முடியாமல் போகலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். டன்ஸ்டர் நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளையின் வசமும், காஸ்டெல் கோக் வேல்ஸ் அரசின் மரபுச்சின்ன அமைப்பான கடூ (Cadw) வசமும் உள்ளன. அவற்றின் நுழைவு நேரங்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. இவையெல்லாம் சட்டப் பாதுகாப்புப் பெற்ற கட்டடங்கள், ஆகவே சாந்தைக் கீறிப் பார்ப்பதும் கல்லில் தாளை வைத்துத் தேய்த்துத் தடம் எடுப்பதும் கூடாது. சாய்வெளிச்சத்தில் எடுத்த புகைப்படம் போதும். எந்தச் சுவர், எந்தத் திசை, எந்த நேரம் என்று அதனுடன் குறித்துக்கொண்டால், வீடு திரும்பிய பின் பழைய அச்சுப் படங்களோடு வைத்து ஒப்பிடலாம்.